கதவைச் சாத்திப் போட்ட ஜீன்ஸ்

மச்சாள்,

மாரி மழைக்கு ஜீன்ஸ் காயாது. இன்று காலை முழுக்க இதையே புறுபுறுத்துக்கொண்டு திரிகிறேன். என் மகள் வேலைக்குப் போட்டுப் போகிற ஜீன்ஸ்கள் விறாந்தைக் கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன. சேலை காய்ந்துவிட்டது, துவாய் காய்ந்துவிட்டது, இவை மட்டும் இடுப்புப் பட்டிக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு வீம்புக்கு நிற்கின்றன. இன்னொரு தரம் பிழிந்து போடலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்தபோது அந்த மணம் வந்தது. ஈரமான தடித்த துணியின் மணம், சவர்க்கார வாசத்துக்கு அடியில் கொஞ்சம் மண் வாசம். கொடிக்குக் கீழேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

"என்னம்மா செய்யிறியள் அதுக்குக் கீழை? தலையிலை தண்ணி சொட்டுது" என்று மகள் சத்தம் போட்டாள்.

"உன்ரை மாமியோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறன். நீ போய் உன்ரை வேலையைப் பார்" என்றேன்.

அவள் உள்ளே போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து என் தலையில் போட்டுவிட்டுப் போனாள். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னை இப்படித்தான் மெதுவாகக் கையாளுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழுவதற்கு ஆள் தேவையில்லை, சேர்ந்து சிரிப்பதற்குத்தான் நீ இல்லாமல் போய்விட்டாய்.

முதல் ஜீன்ஸ் நினைவிருக்கிறதா? எங்கள் உரும்பிராய் ஒழுங்கைக்குள் வந்த முதல் ஜீன்ஸே உன் அண்ணையுடையதுதான். அப்போது அவர் எனக்கு மச்சான் மட்டும், என்னைக் கட்டிய மனுசன் ஆகவில்லை. வல்வெட்டித்துறையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான், கப்பலில் வேலை செய்தவன். அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிப் போட்டுப் பார்த்து, தனக்கு நீளம் என்று இவருக்குக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் உன் அண்ணை சந்திக்குப் போன முதல் நாளே ஊர் பெயர் வைத்துவிட்டது: காவாலி. படித்த பிள்ளை, பால் குடிக்கிற பூனை மாதிரி இருந்த மனிசன், ஒரு களிசானால் காவாலி ஆகிப்போனார்.

உன் அம்மாவுக்கு, அதுதான் என் மாமிக்கு, அந்த உடுப்பைக் கண்ணில் காட்ட முடியாது. "கண்டறியாத களிசான். சாக்கிலை தைச்ச மாதிரி. மனிசர் போடுவினமே இதை?" என்று திட்டுவார். ஆனாலும் தன் பிள்ளை கசங்கின உடுப்போடு வெளியே போனால் தனக்கல்லவா மரியாதைக் கேடு? ஆகவே வேட்டிக்குப் போடுகிற மாதிரிக் கஞ்சி போட்டார். நன்றாகக் காய வைத்தார். சிரட்டைக் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் மூச்சு வாங்க வாங்கத் தேய்த்து, முன்னால் கத்தி மாதிரி மடிப்பு எடுத்தார். பிறகு அதைச் சுவரில் சாத்தி வைத்தபோது அது தானாகவே நின்றது! உன் அண்ணை அதற்குள் இறங்கி, முழங்காலை மடிக்க முடியாமல் சைக்கிளில் ஏறப் பட்ட பாட்டை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று பார்த்து, நீயும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். "மச்சாள், உது களிசான் இல்லை, இரண்டு தகரக் குழாய்" என்றாய்.

பிறகு காலம் கெட்டது. சந்திகளில் ஜீன்ஸ் போட்ட பெடியளை ஆமிக்காரர் மறித்து விசாரிக்கிறார்கள் என்று கதை வந்தது. மாமி அன்றைக்கே அதை மடித்து றங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். "கோதாரி விழுந்த களிசான், என்ரை பிள்ளையைத் தின்னப் பாக்குது." உன் அண்ணை மறுபேச்சில்லாமல் சாரம் கட்டத் தொடங்கினார். அந்தப் பெட்டியை மறக்காமல் இருந்தது நீ ஒருத்திதான்.

மாமி சங்கக்கடைக்குப் போன ஒரு காலை நேரம். உன் அண்ணையும் வீட்டில் இல்லை. நீ என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறை வாசலில் நிறுத்தினாய்.

"நீ இதிலை நிண்டு படலையைப் பார். அம்மா வந்தால் ஒருக்கால் இருமு."

"உள்ளை என்னடி செய்யப் போறாய்?"

"இருமச் சொன்னால் இருமு. கேள்வி கேக்காதை."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாய். உள்ளே றங்குப் பெட்டி திறக்கிற சத்தம். பிறகு தொம் என்று ஒரு சத்தம், ஒரு ஐயோ, ஒரு சிரிப்பு. கெதியாய் வா என்று கதவைச் சுரண்டினேன்.

"பொறடி. இடுப்புத் தெறி பூட்டுதில்லை. உது நிண்டுகொண்டு பூட்டுற தெறி இல்லை, கட்டிலிலை படுத்துத்தான் பூட்டோணும்."

ஒருவழியாகப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாய். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நீ நின்றாய். கால் இரண்டும் நீளம், கரண்டையில் பெரிதாக மடித்துவிட்டிருந்தாய். மேலே உன் பழைய பள்ளிக்கூடச் சட்டை. இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் கலியாண வீட்டில் நகையும் கூறையுமாக இருந்தபோதுகூட உன்னை அவ்வளவு வடிவாக நான் பார்க்கவில்லை. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"மச்சாள், பொக்கற் இருக்கடி! எங்கடை ஒரு உடுப்பிலையாவது கையை வைக்க இடம் இருக்கோ சொல்லு?"

அப்போதுதான் அந்த ஆசையையும் சொன்னாய். உரும்பிராய்ச் சந்தியில் ஏறி, யாழ்ப்பாணம் பெரியகடை வரைக்கும், இந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தரம் சைக்கிள் ஓட வேண்டும். பாவாடையைச் சுருட்டிப் பிடிக்காமல், சங்கிலியில் சிக்கும் என்ற பயம் இல்லாமல், பெடியள் மாதிரி எழும்பி நின்று மிதிக்க வேண்டும். "வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு" என்றாய்.

வாசல் படலை கிறீச்சிட்டது. நான் இருமின இருமலில் எனக்கே தொண்டை நொந்தது. கழற்ற நேரமில்லை. நீண்ட பாவாடையை எடுத்து அதற்கு மேலேயே கட்டிக்கொண்டு வெளியே வந்து, நல்ல பிள்ளையாக மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றினாய். மாமி உன் நடையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னடி, முழங்கால் நோவே?" நீ உடனே, "ஓமம்மா, குளிருக்குப் பிடிச்சுப்போட்டுது" என்றாய். பங்குனி வெயிலில்! நான் சிரிப்பை அடக்கக் கிணற்றடிக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு அந்த ஜீன்ஸை நீ போடவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. குண்டு போட விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு எல்லோரும் பதுங்குவதற்கு வளவுக்குள் பங்கர் வெட்டினோம். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை, சீனிப் பையும் இல்லை. சேலைகளைக் கிழித்துத் தைத்தோம். மாமியின் நல்ல சேலைகள்கூடப் போயின. அப்போது நீயாகவே போய் றங்குப் பெட்டியைத் திறந்து ஜீன்ஸை எடுத்துக்கொண்டு வந்தாய். கால்நுனி இரண்டையும் கயிற்றால் கட்டி, மண்ணை நிரப்பி, இடுப்பையும் இழுத்துக் கட்டினாய். பங்கர் வாசலில் அரை மனிசன் படுத்திருக்கிற மாதிரி அது கிடந்தது. "உது உக்காது. எங்களைக் காப்பாத்தும்" என்று அதன் தொடையில் தட்டினாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்ததும், மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்ததும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளவு முழுக்கப் புல். பங்கர் இடிந்து போயிருந்தது. சேலை மூட்டைகள் தொட்டால் கையோடு வந்தன. ஜீன்ஸ் மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. மேல் பக்கம் வெளிறி, கீழ்ப் பக்கம் நீலமாக, பொக்கற்றுக்குள் இருந்து புல்லு முளைத்து. வீட்டுக்கு ஓடு இல்லை, யன்னல் இல்லை, கிணறு இறைக்க வேண்டும், நீயோ முதல் வேலையாக அந்த மூட்டையை அவிழ்த்து மண்ணைக் கொட்டினாய். கல்லில் அடித்து அடித்துத் தோய்த்தாய். அந்த மணம்தான் மச்சாள், இன்று காலை என் மூக்கில் வந்தது.

நீர்வேலிக்குக் கலியாணம் செய்து போகும்போது உன் பெட்டிக்குள் அதுவும் போனது. எங்கே போடுவது? மாமியார் வீடு, சுற்றிவரச் சொந்தம். ஒருநாள் உன் மனுசனிடம் பகிடி போல உன் ஆசையைச் சொல்லியிருக்கிறாய். அந்த மனிசன் தங்கம். "போடுமன், ஆர் வேண்டாமெண்டது? சந்திப் பக்கம் மட்டும் போகாதையும்" என்றாராம். சந்திப் பக்கம் போகாமல் எப்படிப் பெரியகடைக்குப் போவது? கடைசியில் அவரே அதைப் போட்டார். வாழைக் கயர் பட்டால் எந்த உடுப்பும் முடிந்தது, கறை சாகும்வரை போகாது. குலை வெட்டப் போகும்போது கால் கீறாமல் இருக்கத் தோதான உடுப்பு என்று அதைப் போட்டுப் போட்டே தோட்டத்தில் தேய்த்து முடித்தார். "என்ரை ஜீன்ஸ் இப்ப வாழைக்குலை வெட்டுது" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கனகாலத்துக்குப் பிறகு, கனடாவில் இருந்து உன் மகள் தொலைபேசியில் அதன் பூர்வீகத்தைச் சொன்னாளே. முதன்முதலில் அது சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கும் மாடு மேய்த்தவர்களுக்கும் கிழியாத உடுப்பாக இருந்ததாம். பிறகு அடங்காத இளசுகளின் உடுப்பாம். அதற்குப் பிறகுதான் காசுக்காரர் போட்டார்களாம். நீ அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கடை மனுசன்தான் அதைச் சரியாப் போட்டவர்" என்றாய். அவர் போய்விட்டிருந்த காலம் அது.

எங்கள் ஊரிலும் அதற்கு எத்தனை கோலம்! காவாலி என்ற அதே வாய்கள் பிறகு, "மாப்பிள்ளை ஜீன்ஸோடை வந்து இறங்கினவர்" என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கின. வெளிநாட்டில் இருந்து வந்த பெடியன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தபோது, மாமியே அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி தம்பி" என்றாரே. கஞ்சி போடுவீர்களா என்று கேட்காமல் விட்டதே பெரிய காரியம். இப்போது பெட்டைகள் எல்லாம் ஸ்கூட்டியில் ஜீன்ஸோடு பறக்கிறார்கள். கடைக்காரர் டெனிம் என்கிறார்கள். ஒரு பக்கம் கோயில் வாசலில் அது வேண்டாம் என்று பலகை, மற்றப் பக்கம் கண்ணாடிக் கடைக்குள் தலையில்லாத பொம்மைக்கு முழங்கால் கிழிந்த ஜீன்ஸ். நீ ஸ்கூட்டிப் பெட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். பொறாமைப்பட்டதில்லை. "நல்லா ஓடட்டும்" என்று மட்டும் சொல்லுவாய். எனக்குத்தான் அந்த நேரம் யாரையாவது பிடித்து ஏச வேண்டும் போல இருக்கும்.

உன் மகளிடம் கனடாவுக்குப் போய்வர எல்லாம் சரிவந்தபோது, நீ என்னைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனாய். கடையில் விற்க நின்ற பிள்ளை கேட்டாள்:

"மகளுக்கோ அன்ரி?"

"ஓம் பிள்ளை. அவவுக்கும் என்ரை அளவுதான்."

அவள் வெளிறின ஒன்றை விரித்துக் காட்டினாள். "இது ஸ்ரோன் வோஷ், கல்லுப் போட்டுத் தோய்ச்சு வெளிற வைச்சது அன்ரி. இதுதான் இப்ப எல்லாரும் எடுக்கினம்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல், "எங்களிட்டை மண் போட்டு வெளிற வைச்சது ஒண்டு இருந்தது பிள்ளை. பங்கர் வோஷ்" என்றாய்.

"அது எந்தக் கொம்பனி அன்ரி?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உன் மடியில் பையும் அதற்குள் கருநீல ஜீன்ஸும். வெளிறினதை வேண்டாம் என்று விட்டாய்.

"அங்கை போய்ப் போடுவன். அங்கை என்னை ஆர் பாக்கப் போகினம்?"

"இஞ்சையும் இப்ப ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"பாப்பினம். முந்தி வாயாலை சொன்னவை, இப்ப சொல்லமாட்டினம், அவ்வளவுதான் வித்தியாசம்."

கனடாவுக்கு நீ போகவில்லை. வயிற்றில் வந்த நோவு அதற்கு முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் சுகமாகும், போகலாம், போடலாம் என்று நான் பிதற்றிக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய். "அப்ப இடுப்புக் கொள்ளேல்லை. இப்ப இடுப்பிலை நிக்காது மச்சாள்." உனக்கு மட்டும் எங்கேயிருந்து இப்படிக் கதை வருகிறது என்று ஏசிவிட்டு, வெளியே போய் அழுதேன்.

பச்சைக் கரைச் சேலை கட்டித்தான் உன்னை அனுப்பினார்கள். கேட்பார் இல்லை, சேலைதானே முறை. முப்பத்தோராம் நாள் படையலுக்கும் புதுச் சேலை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். உனக்கு விருப்பமான சாப்பாட்டோடு புது உடுப்பும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, நீ வந்து போகும்வரை வெளியே நிற்பது எங்கள் வழக்கம். ஐயர் வந்த வேலை முடிந்து போயிருந்தார். நான் உன் சூட்கேஸைத் திறந்து, விலைச் சீட்டுக்கூடக் கழற்றாத ஜீன்ஸை எடுத்துக்கொண்டு வந்து சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உன் அண்ணை பதறிப்போனார். "உமக்கென்ன விசரே? சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

"இவ்வளவு காலமும் சனத்தைத்தானே பாத்தது" என்றேன். "உங்கடை ஜீன்ஸிலைதான் இது தொடங்கினது. அவள் அதைக் கதவைச் சாத்திப்போட்டுப் போட்டுப் பாத்தவள். உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றார் அவர். "பிறகொரு நாள் றங்குப் பெட்டியைத் திறக்கேக்கை பாத்தனான். பொக்கற்றுக்குள்ளை அவளின்ரை தலைக்குக் குத்துற கிளிப் கிடந்தது. திருப்பி அதுக்குள்ளையே போட்டு வைச்சனான்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கேட்டிருந்தால் குடுத்திருப்பன்."

சொல்லிவிட்டு அந்த மனிசன் குந்தி இருந்து, கசங்கியிருந்த ஜீன்ஸைக் கையாலேயே நீவி நீவி மடித்து, சேலைக்கு மேலே வைத்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாராம். இந்த ஒரு சொல்தான் என்னை இருக்க விடுகிறதில்லை மச்சாள். உன் மனுசனும் வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. உன் மகள் போடச் சொன்னாள். நான் போடச் சொன்னேன். மாமியைத் தவிர ஒருத்தரும் வாய் திறந்து மறிக்கவில்லை. மாமியும் போய் எவ்வளவு காலம். அப்படியானால் யாருக்குப் பயந்து நீ அந்த ஒரு தரம் சைக்கிள் ஓடாமல் போனாய்? ஏசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தாலாவது எனக்கு ஆறும். தேடிப் பார்க்கிறேன், ஒருத்தரும் இல்லை.

அந்த ஜீன்ஸ் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. "மாமி, இது உங்களோடையே இருக்கட்டும்" என்று உன் மகள் கனடாவுக்குத் திரும்பும்போது என் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் அதைத் தோய்க்கவில்லை, கடை மணத்தோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்தப் படையல் நாளில் நடந்ததில் ஒன்றை மட்டும் நீ தெரிந்திருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் விறாந்தையில் நின்றோம். சனம் பசியில் நின்றது. வழக்கமாக விடுகிற நேரம் போனதும், தட்டித் திறப்பதற்கு உன் அண்ணை கையைத் தூக்கினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன்?"

"அந்தத் தெறி லேசிலை பூட்டாது. அவள் கட்டிலிலை படுத்துத்தான் பூட்டோணும்."

அவர் கையை இறக்கினார். சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆறட்டும் என்றேன். உன் மகள் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, அறை வாசலிலேயே, முன்பு நீ நிறுத்திவிட்டுப் போன மாதிரியே நின்றேன்.

போதும் என்று மனம் சொன்ன பிறகு ஒருக்கால் இருமினேன். அதற்குப் பிறகுதான் உன் அண்ணை கதவைத் திறந்தார்.